அரசமுறையும் அரசும்: சுமேரிய அரசர் வரிசையும் யாழ்ப்பாணத் தீவகச் சான்றுகளும்

அரசர்களின் பெயர்களையும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளையும் நிரைப்படுத்திக் கூறும் ஆவணங்கள் பழைய நாகரிகங்கள் பலவற்றிற் காணப்படுகின்றன. அவற்றை வரலாறாகவே கொள்வாரும் உளர். வெறுங் கட்டுக்கதையெனத் தள்ளுவாரும் உளர். இவ்விரு நிலைகளுமே ஆய்வுக்கு உதவா. அரசர் வரிசை ஒன்றை யார், எக்காலத்தில், எந்த ஆட்சியின் கீழ், எதற்காகத் தொகுத்தனர் என்று வினவும்போதே அது வரலாற்றுச் சான்றாகப் பயன்படத் தொடங்குகின்றது. சுமேரியாவிலே தொகுக்கப்பட்ட அரசர் வரிசையையும் யாழ்ப்பாணத்து அரசரைப் பற்றிய வைபவ நூல்களையும் ஒருங்கு வைத்து நோக்கி, அவ்விரண்டும் கூறாது விட்டவற்றை யாழ்ப்பாணத் தீவகத்தின் சான்றுகள் எவ்வளவிற்கு நிரப்புகின்றன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வொப்பீடு மொழியுறவு பற்றியதன்று என்பதை முதலிலேயே கூறிவிடுதல் வேண்டும். சுமேரிய மொழி திராவிட மொழிகளோடு உறவுடையது என்ற கருத்தைப் பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965 இல் வெளியான தமது நூலில் முன்வைத்தார். எனினும் அது எம்மொழிக் குடும்பத்தையும் சாராத தனிமொழி என்பதே சுமேரியவியலாரின் பொதுவான முடிபாகும். ஒரே வகையான சமூகத் தேவை, தம்முள் உறவில்லாத இரு மக்களிடையே ஒரே வகையான ஆவணத்தை உருவாக்கக் கூடும். ஈண்டு எமது கவனத்துக்குரியது அத்தேவையே.

1. வானிலிருந்து இறங்கிய அரசு

சுமேரிய அரசர் வரிசை களிமண் ஏடுகள் பலவற்றிற் கிடைத்துள்ளது. அவற்றுள் மிக முழுமையானது, நான்கு பக்கங்களிலும் ஆப்பெழுத்துப் பொறிக்கப்பெற்ற களிமண் பட்டகம் ஒன்றாகும். ஒக்ஸ்போட் நகரின் அஷ்மோலியன் நூதனசாலையிலுள்ள அதனை 1923 இல் ஸ்டீபன் லாங்டன் பதிப்பித்தார். அவ்வரிசையைத் திறனாய்ந்து 1939 இல் தோர்கில்ட் யாக்கொப்சன் வெளியிட்ட பதிப்பு பின்வந்த ஆய்வுகள் யாவற்றிற்கும் அடிப்படையாயிற்று.

அரசு வானிலிருந்து இறங்கி எரிது என்ற நகரை அடைந்ததாக அவ்வரிசை தொடங்குகின்றது. பெருவெள்ளத்துக்கு முன்னர் ஐந்து நகரங்களில் எட்டு அரசர்கள் 241,200 ஆண்டுகள் ஆண்டனர் என்றும், அவர்களுள் முதல்வனாகிய அலுலிம் 28,800 ஆண்டுகள் அரசு செலுத்தினான் என்றும் அது கூறும். இவ்வெண்கள் மனம்போனவாறு எழுதப்பட்டவையல்ல. சுமேரியர் அறுபதை அடியாகக் கொண்டு கணித்தவர்கள். 3,600 அவர்தம் எண்முறையில் ஒரு பேரலகு. 28,800 என்பது அதன் எட்டு மடங்கு. 241,200 என்பது அதன் அறுபத்தேழு மடங்கு. தெய்வத்தோடு தொடர்புடைய காலத்தை முழுமையான அலகுகளாலேயே அளக்க வேண்டும் என எழுதுவித்தோர் கருதினர் போலும்.

வெள்ளத்துக்குப் பின் அரசு மீண்டும் இறங்கிக் கீஷ் நகரை அடைகின்றது. அங்கிருந்து உருக் நகருக்கும், அதன்பின் ஊர் என்ற பெயருடைய நகருக்கும் செல்கின்றது. ஒரு நகரம் போரிலே தோற்கடிக்கப்படும். அதன் அரசு மற்றொரு நகருக்கு எடுத்துச் செல்லப்படும். இவ்வாய்பாடு திரும்பத் திரும்ப வருகின்றது. எக்காலத்திலும் ஒரு நகரமே உரிமையான அரசைத் தாங்கிநிற்கும் என்பதே வரிசையின் உயிர்நாடியான கொள்கையாகும்.

வரலாறோ வேறு விதமாக இருந்தது. கி.மு. 2900 முதல் 2350 வரையான காலப்பகுதியிலே சுமேரிய நகரங்கள் பல தத்தம் ஆட்சியாளரோடு சமகாலத்தில் இயங்கின. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வந்தனவாக வரிசை காட்டுகின்றது. கீஷ் நகரின் முதல் மரபிலே கடைசி அரசனாக அகா குறிக்கப்படுகின்றான். அவனுக்குப் பின்னர் உருக் நகரில் ஆட்சி தொடங்கி, நால்வர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டபின்பே கில்கமேஷ் அரசனாகின்றான். ஆனால், அகாவும் கில்கமேஷும் நேருக்கு நேர் பகைத்துப் போரிட்ட கதையைச் சுமேரியப் பாடல் ஒன்று கூறுகின்றது. அகாவின் தந்தையாகிய என்மெபரகேசியின் பெயர் பொறித்த கற்கலத் துண்டுகள் கிடைத்திருப்பதால், புனைவும் வரலாறும் இவ்வரிசையிற் பின்னிக் கிடக்கும் தன்மை தெளிவாகும்.

இவ்வரிசை யாருக்குத் தேவைப்பட்டது? இன்று கிடைப்பவற்றுட் பழைய பிரதி, ஊர் நகரின் மூன்றாம் அரச மரபிலே சுல்கி ஆண்ட காலத்தது. அப்பிரதியில் வெள்ளத்துக்கு முந்திய அரசர்கள் இடம்பெறவில்லை. கி.மு. 2004 அளவில் அந்நகரம் ஏலாமியரிடம் வீழ்ந்து, அதன் கடைசி அரசனாகிய இப்பி-சின் சிறையாகக் கொண்டுபோகப்பட்டான். அதன்பின் அந்நகரின் வாரிசு தானே என உரிமை கொண்டாடியது இசின் நகரம். ஒக்ஸ்போட் பட்டகத்தின் வரிசை இசின் அரசனாகிய சின்-மாகிரோடு முடிவடைகின்றது. வானத்திலே தொடங்கிய அரசு இசினில் வந்து நிற்பதாகக் காட்டுவதே அதன் பயன். வரிசை வளர வளர அதன் தொடக்கம் மேன்மேலும் பழைமையை நோக்கி நகர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. பெரிய மனிதனும் களஞ்சியமும்

அரசு வானத்திலிருந்து வந்ததாக வரிசை கூற, அது மண்ணிலிருந்து வளர்ந்ததைச் சுமேரியாவின் ஏனைய ஏடுகளே காட்டிக் கொடுக்கின்றன. ஆட்சியாளரைக் குறிக்கச் சுமேரியர் மூன்று சொற்களை வழங்கினர். 'என்' என்பது கோயிலோடு இணைந்த தலைமையைச் சுட்டியது. 'என்சி' என்பது நகரொன்றின் ஆட்சியாளனைக் குறித்தது. 'லுகல்' என்பதன் நேர்ப்பொருள் 'பெரிய மனிதன்' என்பதாகும். நீர்ப்பாய்ச்சலை நம்பிய சமவெளியில், வாய்க்காலையும் வயலையும் அயல் நகரத்தாரிடமிருந்து காக்கும் போர்த்தலைமை நிரந்தரமாகியபோது பெரிய மனிதன் அரசனானான்.

லகாஷ், உம்மா ஆகிய இரு நகரங்களும் எல்லைப்புற வயல்வெளி ஒன்றின் பொருட்டுத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. கீஷ் அரசனாகிய மெசிலிம் அவற்றிடையே எல்லைக்கல் நாட்டிப் பிணக்குத் தீர்த்ததாக லகாஷ் சாசனங்கள் கூறுகின்றன. பின்னர் லகாஷ் அரசனாகிய இயன்னாதும் அடைந்த வெற்றி, பாரிஸ் நகரின் லூவர் நூதனசாலையிலுள்ள கழுகுக் கற்பலகையிற் செதுக்கப்பட்டுள்ளது. அரசன் தெய்வத்தின் வயலைக் காத்தான் என்பதே கற்பலகையின் உரிமைக்கூற்று. வயல் தெய்வத்துடையது, ஆகவே அதன் விளைவு கோயிலுக்குரியது, கோயிலின் காவலன் அரசன். இந்நியாயத்தின் மூலமே உழுதவனின் உபரி களஞ்சியத்தை அடைந்தது.

அதே லகாஷில், கி.மு. 24 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் ஆண்ட உருகாகினாவின் சீர்திருத்தச் சாசனங்கள், அரசு அடித்தள மக்கள் மீது எவ்வாறு அழுந்தியது என்பதைப் புலப்படுத்துகின்றன. படகுகளையும் மந்தைகளையும் மீன்பிடி நீர்நிலைகளையும் அதிகாரிகள் கைப்பற்றிக்கொண்டமை, பிணத்தை அடக்கஞ் செய்வதற்கே அளவுக்கு மீறிய கட்டணம் பெற்றமை முதலியவற்றைக் களைந்ததாக அவன் கூறிக்கொள்கின்றான். தன் புகழுக்காக அவன் எழுதுவித்தவையாயினும், முறைகேடுகளின் பட்டியல் மக்கள் பட்ட பாட்டின் பட்டியலாகவே எஞ்சியுள்ளது.

இத்துணைச் சாசனங்களை விட்டுச் சென்ற லகாஷ் நகரின் அரசர்களுள் ஒருவரேனும் சுமேரிய அரசர் வரிசையில் இடம்பெறவில்லை. இவ்விடுபாட்டினாற் போலும், லகாஷ் ஆட்சியாளரின் பெயர்களைக் கூறும் தனிப்பாடல் ஒன்று பிற்காலத்தில் இயற்றப்பட்டது. அது அரசர் வரிசையை நையாண்டி செய்வதெனக் கருதும் அறிஞரும் உளர்.

வரிசையின் கோட்பாட்டைத் தாங்கிநிற்கும் சொல் 'பல' என்பது. அதற்குச் 'சுற்றி வரும் முறை' என்பது பொருள். அரசமரபொன்றின் ஆட்சிக்காலம் அச்சொல்லாற் குறிக்கப்பட்டது. ஊர் நகரின் மூன்றாம் மரபுக் காலத்தில், மாகாணங்கள் முறைவைத்து மைய அரசுக்குத் தானியமும் கால்நடையும் உழைப்பும் வழங்கிய ஏற்பாடும் அதே சொல்லாலேயே வழங்கப்பட்டது. அரசனின் முறையும் குடிகளின் இறைமுறையும் ஒரே சொல்லில் அடங்கியமை தற்செயலன்று. இறை செலுத்துவோரின் முறை தவறாது வரும்வரையே ஆள்வோரின் முறை நிலைத்தது. இப்பி-சின் காலத்து மாகாணங்கள் ஒவ்வொன்றாக இறை செலுத்துவதை நிறுத்தியதும் தலைநகரிற் பஞ்சம் புகுந்தது.

3. யாழ்ப்பாணத்து அரசமுறை

யாழ்ப்பாண வரலாற்று மூலங்களிடையே இச்சொல்லை நினைவூட்டும் பெயரொன்று உண்டு. மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை தனக்கு மூலங்களாகக் கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றது. இவற்றுள் இராசமுறையும் உலாவும் இன்று கிடைத்தில. 'முறை' என்ற தமிழ்ச்சொல் ஒழுங்கையும் நீதியையும் உறவையும் குறிப்பதோடு, ஒருவர்பின் ஒருவராக வரும் சுற்றையும் குறிக்கும். சிங்கையாரிய மன்னர் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிங்காசனப் பெயர்களை மாறி மாறிச் சூடியமை இச்சுற்றின் வெளிப்படையான அடையாளமாகும். பெயர் தனிமனிதனுக்குரியதன்று, முறைக்குரியது என்ற எண்ணம் இவ்வழக்கில் உறைந்துள்ளது.

வைபவமாலை 1736 அளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க இயற்றப்பட்டதென்பது மரபு. நல்லூரின் கடைசி அரசனாகிய சங்கிலி குமாரன் 1619 இற் போத்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேராவினாற் பிடிக்கப்பட்டுக் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆகவே, அரசமரபு அழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின்னர், அந்நியரின் ஆட்சியின் கீழ் வாழ்ந்த கற்றோர் ஒருவரால் இந்நூல் தொகுக்கப்பட்டது. ஊர் நகரம் வீழ்ந்தபின் இசின் நாட்டு எழுத்தர் செய்ததும் இதனை ஒத்ததே. அரசு மறைந்த பின்னரே அரசர் வரிசை முழுமை பெறுகின்றது. ஆள்பவனுக்குப் படையும் பண்டாரமும் சான்று. ஆட்சி போனபின் எஞ்சுவது வரிசை ஒன்றே.

இருவகை வரிசைகளும் கட்டமைப்பிலும் ஒத்துள்ளன. அரசு எரிதுவிற்கு வானிலிருந்து வந்தாற்போல, மணற்றிடருக்கு அது வெளியிலிருந்து வருகின்றது. மன்னனை யாழிசையால் மகிழ்வித்த கண்ணிழந்த யாழ்ப்பாணன் அந்நிலத்தைப் பரிசாகப் பெறுகின்றான். அவனுக்குப்பின் நாடு அரசின்றித் தடுமாற, பாண்டிமழவன் என்பான் மதுரை சென்று சிங்கையாரியனை அழைத்து வருகின்றான். முடியுரிமை தூய குலத்திலிருந்து பெற்றதெனக் காட்டிய பின்னரே நூல் நல்லூரின் மதிலையும் கோயில்களையும் விவரிக்கின்றது. பிற்காலத்தைச் சேர்ந்த சங்கிலியர் இருவரும் வைபவமாலையில் ஒருவராகவே கலந்துவிட்டனர். கீஷ், உருக் அரசர்களின் காலத்தைச் சுமேரிய எழுத்தர் நீட்டினர்; மயில்வாகனப் புலவர் கைக்கொண்ட மரபோ காலத்தைச் சுருக்கியது. நீட்டலும் சுருக்கலும் வரிசையின் ஓட்டத்தைக் காப்பதற்கான இரு வழிகளே.

இவ்வரிசையைத் திறனாய்வு நோக்கில் அணுகும் முயற்சி எம்மவரிடையே நீண்டகாலமாக நிகழ்ந்துவருகின்றது. முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் ஆங்கிலத்திற் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை எழுதினார். பேராசிரியர் கா. இந்திரபாலா 1972 இல் வெளியிட்ட யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றம் என்ற நூலும், பேராசிரியர் சி. பத்மநாதன் 1978 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய நூலும் சாசனங்களையும் அயல்நாட்டார் குறிப்புகளையும் முதன்மைப்படுத்தின.

அவற்றின் வழியாகப் பெறப்படும் வரலாறு வைபவமாலையின் வரலாற்றிலிருந்து வேறுபட்டது. 13 ஆம் நூற்றாண்டில் சாவகனாகிய சந்திரபானு இலங்கையின் வடபகுதியில் ஆதிக்கம் பெற்றான். பாண்டியர் அவனை அடக்கினர். முதலாம் புவனேகபாகுவின் மறைவை (1284) அடுத்துப் பாண்டியரின் படைத்தலைவனாக வந்த ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவாவைத் தாக்கித் தந்ததாதுவைக் கவர்ந்து சென்றதைச் சூளவம்சம் குறிப்பிடுகின்றது. 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாண்டியர் வலிமை சிதைந்தபோது, அவர்தம் தானைத்தலைவர் வழிவந்தோர் தனியரசராயினர். வானத்திலிருந்தோ வேண்டுகோளின் பேரிலோ வராது, பேரரசொன்றின் சிதைவிலிருந்தும் கடல்வழியின் வளத்திலிருந்தும் இவ்வரசு உருவாயிற்று.

4. தீவகத்தின் சான்று

கடல்வழியின் வளம் என்றதன் பொருளை அறிய நல்லூரை விட்டுத் தீவகத்துக்குச் செல்லுதல் வேண்டும். அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, புங்குடுதீவு, காரைதீவு, ஊர்காவற்றுறையை உள்ளடக்கிய வேலணைத் தீவு ஆகியன குடாநாட்டின் மேற்கே பாக்கு நீரிணையில் விரிந்துகிடக்கின்றன. அனலைதீவு, வடக்கே எழுவைதீவுக்கும் தெற்கே நயினாதீவுக்கும் இடையில் ஊர்காவற்றுறைக்கு மேற்கே அமைந்தது. தமிழகக் கரையிலிருந்து ஊர்காவற்றுறையை நாடிய மரக்கலங்களின் பாதையில் இத்தீவுகள் கிடந்தன. அரச வரிசைகளில் இவை சிறுபெயர்கள். ஆயின் அரசைத் தாங்கிய பொருளியலிற் பெருமிடம் வகித்தவை இத்துறைகளேயாம்.

இதற்கு நேரடிச் சான்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிற் கிடைத்த தமிழ்ச் சாசனம். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெளியிட்ட இக்கல்வெட்டைப் பேராசிரியர் இந்திரபாலா 1963 இற் பதிப்பித்தார். அயல்நாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வருதல் வேண்டும் என்றும், அவர்கள் அங்குப் பாதுகாக்கப்படுதல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உரியவனுக்கும் சேரும். ஏனைய வணிகப் பொருள்களைக் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கும் பாதி உரியவனுக்கும் ஆகும்.

இவ்விகிதங்களிலே அரசின் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது. போருக்கு இன்றியமையாத யானை குதிரைகளின் வணிகனுக்கு அரசன் சலுகை காட்டுகின்றான்; ஏனைய வணிகனிடம் அவன் பெறும் பங்கு இருமடங்கு. கரையொதுங்கும் உடைசல் யாருக்குரியது என்பதை அவ்விடத்து வலியோர் தீர்மானிக்கும் நிலை மாறி, பண்டாரம் அதனைத் தீர்மானிக்கின்றது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னன் இவ்வாணையைத் தமிழிலே பொறிப்பித்தமையும் கருதற்பாலது. துறைமுகத்தின் வணிகமொழி எதுவோ அதுவே ஆணையின் மொழியாயிற்று. இன அடையாளங்களை இன்றைய பொருளில் அக்காலத்தில் ஏற்றிப் பார்ப்போருக்கு இச்சாசனம் தக்க மறுமொழியாகும்.

இத்துறையின் முதன்மையை எதிர்த்தரப்பும் அறிந்திருந்தது. பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் மரக்கலங்கள் கட்டுவித்துப் படைதிரட்டியதையும், அதற்கெதிராகச் சோழர் சார்பில் அனுப்பப்பட்ட படை அவ்விடங்களை அழித்ததையும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுச் சாசனம் கூறுகின்றது.

ஆரியச்சக்கரவர்த்திகள் இவ்வளத்தையே உரிமையாக்கினர். 1344 இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளப் பகுதியிற் கண்டபோது அவனிடம் முத்துகள் குவிந்திருந்ததையும், அவன் பாரசீக மொழியை அறிந்திருந்ததையும், அவனுடைய கப்பல்கள் கடலில் இயங்கியதையும் எழுதியுள்ளான். அம்மன்னர் வெளியிட்ட நாணயங்களில் நந்தியின் உருவும் 'சேது' என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. வன்னியின் யானைகள் திறையாகவும் விற்பனைப் பொருளாகவும் வடக்கே கொண்டுவரப்பட்டு ஊர்காவற்றுறையிலிருந்து ஏற்றுமதியாயின. போத்துக்கேயர் அத்துறையை யானைத்துறை என்றே தம் மொழியிற் குறித்தனர். ஆங்கிலத்தில் வழங்கும் 'கைட்ஸ்' என்ற பெயர், இறங்குதுறையைக் குறிக்கும் அவர்தம் சொல்லின் எச்சமாகும். சுமேரியாவிற் களஞ்சியம் செய்ததை யாழ்ப்பாணத்திலே துறைமுகம் செய்தது. ஆற்றங்கரை நாகரிகத்தில் அரசின் பிடி வாய்க்காலில் இருந்தது. பேராறில்லாத இந்நிலத்தில் அது கடல்வாயில் இருந்தது.

இதனால் அரசின் வீழ்ச்சிக்கான காரணமும் தெளிவாகும். சங்கிலியின் கொடுமை, உறவினரின் துரோகம் என வைபவமாலை அதனைத் தனிமனிதர் கதையாக்குகின்றது. 1560 இற் போத்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா நல்லூரைத் தாக்கினான். 1591 இல் அந்திரே பூர்த்தாடோ படையெடுத்து மன்னனைக் கொன்று, எதிர்மன்னசிங்க குமாரனை அரியணையேற்றினான். முத்துக்குளிப்பும் யானை வணிகமும் கடற்பாதையும் கைமாறிய பின்னர் நல்லூரில் எஞ்சியிருந்தது முடியின் பெயர் மட்டுமே. அதுவும் 1619 இல் நீங்கிற்று.

5. வரிசைக்கு வெளியே நின்றோர்

சுமேரிய வரிசையிலே லகாஷ் விடுபட்டதுபோல் யாழ்ப்பாண அரச வரிசையிலும் விடுபாடுகள் உள. நெடுந்தீவிலே வெடியரசன் கோட்டை என மக்கள் வழங்கும் இடிபாடு உண்டு. வெடியரசனை வலிமைமிக்க தலைவனாகத் தீவக மக்களின் கதைகள் போற்றுகின்றன. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிவந்த மீகாமனுடன் அவன் பொருத கதை கோவலனார் கதையிற் பாடப்படுகின்றது. எனினும் சிங்கையாரியரின் அரசமுறையில் அவனுக்கு இடமில்லை. கடலோடும் சமூகத்தின் தலைவன் ஒருவனை நிலவுடைமைச் சமூகத்தின் வரிசை அரசனாக ஏற்காதது வியப்பன்று.

இதனினும் பழைய நிலையொன்றை வேறு சான்றுகள் நினைவூட்டுகின்றன. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்வில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழியொன்றிலிருந்து முத்திரை கிடைத்தது. அதிலுள்ள பிராமி எழுத்துகள் 'கோ' என்ற சொல்லோடு தொடங்குவனவாக வாசிக்கப்பட்டுள்ளன. இக்கோ பிற்கால முடிமன்னனல்லன். இனக்குழுத் தலைவன், சுமேரியரின் மொழியிற் கூறுவதாயின் பெரிய மனிதன். மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணி இழைத்த ஆசனமொன்றிற்காகப் போரிட, புத்தர் பிணக்கைத் தீர்த்ததாக மகாவம்சம் நாகதீபத்தோடு தொடர்புபடுத்திக் கூறும் கதையும், மணிமேகலையின் மணிபல்லவப் பீடிகைக் கதையும், தலைவர்கள் பலர் அருகருகே வாழ்ந்து போட்டியிட்ட நிலைமையின் நினைவுகளே எனலாம். மாமனும் மருமகனும் ஓர் ஆசனத்துக்குப் போரிடுவதும் வெளியிலிருந்து வந்த ஒருவர் தீர்ப்பளிப்பதும், மெசிலிம் நாட்டிய எல்லைக்கல்லை நினைவூட்டுகின்றன. அரசு முழுமை பெறாத சமூகத்தில் நடுவரின் சொல்லே அரசின் இடத்தை நிரப்பிற்று.

வரிசை எழுதுவோர் சமூகப் படிநிலையையும் ஒழுங்குபடுத்தினர். சுமேரிய வரிசையில் எத்தானா இடையன், துமுசி மீனவன், கீஷ் நகரை ஆண்ட கூபாபா மதுக்கடை நடத்திய பெண். அத்தொழில்களை மறைக்க வேண்டும் என்று சுமேரிய எழுத்தர் கருதவில்லை. யாழ்ப்பாணத்து மரபிலும் முதலில் நிற்பவன் யாழ்வாசிக்கும் பாணனே. ஆனால் அவன் நாட்டுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு மறைந்துபோகின்றான். அவனிடத்துக்கு அரசகுலத்தான் வருகின்றான். அவனைத் தொடர்ந்து வந்து குடியேறிய வேளாளத் தலைவர்களின் பெயர்களும் ஊர்களும் கைலாயமாலையில் நிரையாகக் கூறப்படுகின்றன. அரசர் வரிசை குடியேற்ற வரிசையாக விரியும் இவ்விடத்திலேதான் அதன் நடைமுறைப் பயன் வெளிப்படுகின்றது. அரசன் இல்லாத 18 ஆம் நூற்றாண்டில், நிலவுரிமையும் மேன்மையும் பழைய அரசனால் வழங்கப்பட்டவை என நிறுவும் சாதனமாக அது அமைந்தது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. இலங்கையில் அடிமைமுறை 1844 இலேயே சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது. யானையை மரக்கலத்தில் ஏற்றியோரும் முத்துக்குளித்தோரும் பனையேறியோரும் எவ்வரிசையிலும் பெயர் பெறாதோரே.

6. முடிவுரை

அரசர் வரிசையை உண்மை, பொய் என்ற இரு பெட்டிகளுள் ஒன்றில் இடுவதால் ஆய்வு முன்னேறாது. சுமேரிய வரிசை கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் அரசர்களைப் பற்றிக் கூறுவதைவிட, அதைத் தொகுத்த இசின் காலத்தவரின் தேவையைப் பற்றிக் கூறுவது மிகுதி. வைபவமாலையும் சிங்கையாரியரைப் பற்றிக் கூறுவதைவிட, ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணக் கற்றோரின் தேவையைப் பற்றிக் கூறுவது மிகுதி. இவ்வாறு வாசிக்கும்போது அவற்றின் மதிப்புக் குறைவதில்லை. அவை எக்காலத்துக்குரிய சான்றுகள் என்பதே திருத்தமாகின்றது.

இவ்வாசிப்பின் தேவை இன்று கல்விக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. எமது தீவிலே, யார் முந்தி வந்தோர், எவருடைய அரசு பழையது என்ற வாதம் இரு மொழிகளிலும் அரசர் வரிசைகளைக் கொண்டே நடத்தப்பட்டு வந்துள்ளது. ஒவ்வொரு தரப்பும் எக்காலத்திலும் ஓர் அரசே உரிமையானது என்ற சுமேரிய எழுத்தரின் கொள்கையை அறியாமலே பின்பற்றுகின்றது. பொலன்னறுவை மன்னனின் ஆணை தமிழில் நிற்கும் நயினாதீவுக் கல் அவ்வாதத்துள் அடங்காதது.

சான்றுகளைப் பேணுதல் பற்றியும் ஒரு கருத்தைக் கூறுதல் வேண்டும். சுமேரியரின் ஏடு களிமண். தீயிற் பட்டால் அது இன்னும் இறுகும். எமது ஏடு பனையோலை. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. எஞ்சியுள்ள கல்வெட்டுகளையும் நாணயங்களையும் ஒல்லாந்தர் காலத் தோம்புகளையும் கோயில் ஆவணங்களையும், நெடுந்தீவு முதல் எழுவைதீவு வரையுள்ள மக்கள் வழங்கும் கதைகளையும் இடப்பெயர்களையும் முறையாகப் பதிவு செய்தல் அவசரமான பணியாகும். ஒல்லாந்தர் தமது படங்களில் அனலைதீவை ரொட்டர்டாம் என்றும் காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும் குறித்தனர். படங்களை வரைந்த ஆட்சி 1796 இல் முடிவுற்றது; அப்பெயர்களும் வழக்கொழிந்தன. அனலைதீவு என்ற பெயரை அத்தீவின் குடிகள் தம் வாய்ச்சொல்லிலே காத்து வந்தனர். அரசமுறைகள் கடந்தும் நிலைத்த அக்குடிகளின் வரலாறு எழுதப்படும்போதே அரசர்களின் வரலாறும் தெளிவு பெறும்.